அறைக்கும் ஷிப்டு வந்துவிட்டது!

மில்லில் ஷிப்டு உண்டு. சுரங்கத்தில் ஷிப்டு உண்டு. இப்போது லாட்ஜ் அறைக்கும் ஷிப்டு வந்துவிட்டது. காலை பத்து மணிக்கு ஒருவர் வருகிறார். மூன்று மணி நேரம் படுத்தெழுந்து, குளித்து, பணத்தைக் கட்டிவிட்டுப் போகிறார். இரண்டு மணிக்கு இன்னொருவர். இரவுக்கு மூன்றாமவர். ஒரே கட்டில், ஒரே நாள், மூன்று வாடகை. கையிலுள்ள போனிலேயே நேரத்தைக் குறித்து, பணத்தையும் செலுத்தி, அறையைப் பிடித்துக்கொள்ளலாம்.

(நம் ஊர்ப் பேச்சில் ஓட்டல் என்றால் சாப்பாட்டுக் கடை. இங்கே சொல்வது தங்கும் விடுதியைப் பற்றி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

சீமான்கள் பகலில் தூங்குவதைப் பற்றித் தொழிலாளர் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று சில தோழர்கள் கேட்கலாம். நிறைய இருக்கிறது. முதலாவதாக, இது சீமான்கள் கண்டுபிடித்த சங்கதியே அல்ல. இரண்டாவதாக, பகலில் மூன்று மணி நேரம் தலை சாய்க்க ஓர் இடம் யாருக்கு மெய்யாகவே தேவையோ, அவர்களுக்கு அது கிடைப்பதில்லை. மூன்றாவதாக, அந்த அறையை நாளுக்கு மூன்று தடவை கூட்டித் துடைப்பது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

விஷயம் எப்படி நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். வியாபார நிமித்தம் வருகிறவர் காலையில் அறையைக் காலி செய்கிறார். அடுத்தவர் இரவு ரயிலில் இறங்கித்தான் வருகிறார். இடையில் பகல் முழுவதும் கட்டில் சும்மா கிடக்கிறது. லாட்ஜ் முதலாளிக்கு அறை ஒரு மிஷின். மிஷின் நின்றால் அவருக்கு வயிறு எரிகிறது. நெல் விற்காவிட்டால் குதிரில் போடலாம். நூல் விற்காவிட்டால் கிடங்கில் அடுக்கலாம். அறையின் பகல் விற்காவிட்டால் அது போனதுதான்; நாளைக்கென்று எடுத்து வைக்க முடியாது.

விவசாயத் தொழிலாளிக்கு இதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. இன்றைக்கு நடவுக்கு யாரும் கூப்பிடவில்லையென்றால் இன்றைய உழைப்பை நாளைக்குச் சேர்த்து விற்க முடியுமா? முடியாது. வித்தியாசம் ஒன்றுதான். முதலாளியின் சும்மா கிடக்கும் பகலை விற்றுக் கொடுக்கக் கம்பெனிகள் போட்டி போடுகின்றன. கூலிக்காரனின் சும்மா கிடக்கும் பகலை வாங்க ஆள் இல்லை.

2010-ல் பாரிஸ் நகரில் டேயூஸ் என்ற கம்பெனி, ஓட்டல் அறைகளைப் பகலுக்கு மட்டும் பதிவு செய்து தரும் வியாபாரத்தைத் தொடங்கியது. 2015-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் இன்னொரு கம்பெனி கிளம்பியது. மணிக்கணக்குகூட இல்லை, நிமிடக் கணக்கில் அறை! இந்தியாவிலும் மணிக்கணக்கில் அறை பிடித்துத் தரும் கம்பெனிகள் பல வந்துவிட்டன. “புதிய யுகம், புதிய சிந்தனை” என்று விளம்பரம் செய்கிறார்கள்.

புதிய சிந்தனையா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பெர்லினிலும் வியன்னாவிலும் ஆலைகள் பெருகியபோது, கிராமத்திலிருந்து வந்த தொழிலாளிக்கு அறை எடுக்கக் காசு இல்லை. கட்டிலை மட்டும், அதுவும் சில மணி நேரத்துக்கு மட்டும், வாடகைக்கு எடுத்தான். இரவு வேலைக்காரன் பகலில் வந்து படுப்பான்; வீட்டுக்காரன் வேலையிலிருந்து திரும்பும்போது எழுந்து போய்விட வேண்டும். படுக்கைச் சூடு ஆறுமுன் அடுத்த ஆள். அப்படி வாழ்ந்தவர்களுக்கு ஜெர்மன் மொழியில் தனிப் பெயரே உண்டு. பம்பாய் கிரண்காவ் பகுதியின் சால் அறைகளிலும் இதே கதைதான். கொங்கணத்திலிருந்து வந்த மில் தொழிலாளிகள் ஓர் அறையில் பத்து, பதினைந்து பேர். முதல் ஷிப்டுக்காரன் எழுந்து போன பாயில் இரவு ஷிப்டுக்காரன் படுப்பான். பகலில் சில மணி நேரம் வாடகைக்குப் படுப்பது என்ற வழக்கம் பாட்டாளியின் வறுமையில் பிறந்தது. இன்று அதற்கு வெள்ளை விரிப்பும் வாசனைச் சோப்பும் வைத்து நாகரிகம் என்று விற்கிறார்கள்.

மார்க்ஸ் 1867-ல் வெளியிட்ட ‘மூலதனம்’ முதல் பாகத்தில், வேலைநாளைப் பற்றிய அத்தியாயத்தில், எஃகு ஆலை முதலாளிகளின் வாதத்தை எடுத்துக் காட்டுகிறார். இரவில் உலை சும்மா கிடந்தால் நஷ்டம், ஆகவே சிறுவர்களையும் இரவில் வேலை வாங்கத்தான் வேண்டும் என்று அவர்கள் கூசாமல் வாதாடினார்கள். சும்மா கிடக்கும் இயந்திரம் முதலாளிக்கு நஷ்டம். அந்த நஷ்டத்தை ஈடுகட்டுவது தொழிலாளியின் தூக்கம். அறைக்கு ஷிப்டு போட்டவர்களின் கணக்கும் இதே கணக்குத்தான்.

ஏனென்றால் அறை தானாகச் சுத்தமாவதில்லை. ஒருவர் எழுந்து போனதும் விரிப்பை உருவி, புது விரிப்பு போட்டு, தலையணை உறை மாற்றி, கக்கூஸ் தேய்த்து, தரை துடைத்து, குப்பை எடுத்து, துண்டும் சோப்பும் வைத்து, அடுத்தவர் வாசலில் நிற்பதற்குள் வெளியே வர வேண்டும். நாளுக்கு ஒரு தடவை செய்த வேலை இப்போது இரண்டு, மூன்று தடவை. “வேலை கூடினால் ஆளும் கூடும்தானே?” என்று நிர்வாகத்தின் சிநேகிதர்கள் சொல்வார்கள். கூடலாம், கூடாமலும் போகலாம். தறிகளின் எண்ணிக்கையைக் கூட்டியபோது ஆளைக் கூட்டினார்களா? ஒருவருக்கு இரண்டு தறி இருந்தது நாலாயிற்று, பிறகு இன்னும் ஏறிற்று. மில் தோழர்களுக்கு அந்த வரலாறு தெரியும். அறை துடைக்கும் பெண்ணுக்கும் தறியைப் போலத்தான் அறையை எண்ணிக் கொடுக்கிறார்கள்.

இதற்குப் பாரிஸ் நகரத்துப் பெண்களே சாட்சி. டேயூஸ் பிறந்த அதே பாரிஸில், பத்தினோல் வட்டாரத்தில், அக்கோர் என்ற பெரிய கம்பெனியின் இபிஸ் ஓட்டல் இருக்கிறது. அறை துடைக்கும் பெண்களை நிர்வாகம் நேரடியாக வேலைக்கு வைக்கவில்லை. அவர்கள் ஒரு துப்புரவுக் காண்டிராக்ட் கம்பெனியின் ஆட்கள். பெரும்பாலோர் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். மணிக்கு இத்தனை அறை என்று கணக்கு. முடியவில்லையென்றால் கூடுதல் நேரம் நின்று முடித்துக் கொடுக்க வேண்டும். அந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. முதுகெலும்பும் மணிக்கட்டும் தேய்ந்த அந்தப் பெண்கள் 2019 ஜூலை 17 அன்று வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பெரிய கூட்டமல்ல, கடைசிவரை நின்றவர்கள் இருபது பேர் சுமார். ஓட்டல் வாசலில் தட்டைத் தட்டி, பாட்டுப் பாடி, ஆடி, மறியல் செய்தார்கள். இடையில் கொரோனா வந்தது; ஓட்டலே மூடியது. அவர்கள் விட்டுவிடவில்லை. 22 மாதம்! தோழர்களே, நம் மில் வாசல்களில் இரண்டு மாதம் நின்றாலே வீட்டில் என்ன பாடு என்று நமக்குத் தெரியும். 2021 மே மாதம் நிர்வாகம் இறங்கி வந்தது. சம்பளம் உயர்ந்தது, மணிக்கு முடிக்க வேண்டிய அறைக் கணக்கு குறைந்தது, சாப்பாட்டுப் படி கிடைத்தது. முன்னணியில் நின்றவர்களில் ஒருவரான ராஷேல் கேகே, ஐவரி கோஸ்ட்டில் பிறந்தவர், 2022 ஜூனில் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் தோற்கடித்தது ஒரு முன்னாள் அமைச்சரை.

அமெரிக்காவில் 2018-ல் மாரியட் ஓட்டல்களின் தொழிலாளர்கள் எட்டு நகரங்களில் சுமார் 7,700 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிழைக்க ஒரு வேலை போதுமானதாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கோஷம். அங்கே நிர்வாகம் வேறொரு தந்திரம் செய்திருந்தது. தங்குகிறவர் “என் அறையைத் தினமும் துடைக்க வேண்டாம்” என்றால் அவருக்குச் சலுகை. பெயர் சுற்றுச்சூழல் பாதுகாப்பு. பெண்களுக்கு வேலை மணி குறைந்தது; அழுக்கு சேர்ந்த அறை கடைசி நாளில் இருமடங்கு வேலை கொடுத்தது. கூட்டித் துடைப்பதைக் குறைத்தாலும் தொழிலாளிக்குக் கஷ்டம், கூட்டினாலும் கஷ்டம் என்றால், கோளாறு துடைப்பத்தில் இல்லை.

நம் ஊர் லாட்ஜுகளில் அறை துடைப்பவர் யார்? காண்டிராக்ட் பெண்கள், வடக்கிலிருந்து வந்த வாலிபர்கள், அந்த லாட்ஜின் மாடிப்படிக்கு அடியிலேயே படுத்துக்கொள்ளும் பையன்கள். நாள் முழுவதும் கட்டில் விரிக்கிறவனுக்கு விரித்துப் படுக்க ஒரு கட்டில் இல்லை. பெரும்பாலான லாட்ஜுகளில் சங்கம் இல்லை. இதை நாம் வேறு யாரையும் குறை சொல்லி ஒதுக்கிவிட முடியாது. நகரக் கிளைகள் கையில் எடுக்க வேண்டிய வேலை.

லாட்ஜ்காரர் எல்லோரும் கொழுத்துவிட்டார் என்றும் நினைத்துவிடக் கூடாது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பத்து அறை வைத்திருக்கும் சின்ன ஆளின் கழுத்திலும் கயிறு விழுந்திருக்கிறது. அறையைப் பிடித்துத் தரும் பெரிய கம்பெனிகள் வாடகையில் கமிஷன் எடுக்கின்றன; விலையையும் அவர்களே சொல்கிறார்கள். இது வெறும் குற்றச்சாட்டல்ல. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்–கோஐபிபோ மீதும் ஓயோ மீதும் சேர்த்து 392 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. எங்கள் தளத்தில் சொன்ன விலையைவிடக் குறைவாக வேறு எங்கும் விற்காதே என்று லாட்ஜுகளைக் கட்டிப்போட்டது ஒரு குற்றம். இரண்டு பெரிய கைகளும் சேர்ந்து போட்டிக் கம்பெனிகளின் அறைகளைத் தளத்திலிருந்தே ஒதுக்கிவைத்தது இன்னொரு குற்றம். சுதந்திரச் சந்தை என்று இதைத்தான் சொல்கிறார்கள்!

இனி ஒழுக்கக் காவலர்களிடம் வருவோம். மணிக்கணக்கில் அறை என்றதுமே சிலருக்குக் கண் சிவக்கிறது. கலாசாரம் கெட்டது, ஊர் கெட்டது என்று கூச்சல். 2019 ஜூனில் கோவையில் ஒரு விடுதியை அதிகாரிகள் பூட்டி சீல் வைத்தார்கள். மணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் இருந்தார்கள், இன்னோர் அறையில் மதுப் பாட்டில் இருந்தது என்பதே காரணம். அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சீலை எடுக்க உத்தரவிட்டது. வயது வந்த ஆணும் பெண்ணும் மணமாகாமல் விடுதி அறையில் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்று நீதிபதி எம்.எஸ்.ரமேஷ் தெளிவாகச் சொன்னார். அதற்குப் பிறகும் 2025 ஜனவரியில் ஓயோ கம்பெனி உத்தரப் பிரதேசத்து மீரட் நகரில், மணமாகாத ஜோடிக்கு அறை இல்லை, உறவுக்கு அத்தாட்சி காட்டு என்று புது விதி கொண்டுவந்தது. லாபம் வரும்போது இளைஞர்கள் வேண்டும். நெருக்கடி வரும்போது கலாசாரம் வேண்டும்!

நமக்கு இதில் ஒரு தனி அக்கறை உண்டு. ஜாதி மாறிக் காதலித்துவிட்ட பையனும் பெண்ணும் ஊரை விட்டு ஓடி வருகிறார்கள். பதிவு அலுவலகம் திறக்கும் வரை அவர்கள் எங்கே உட்காருவது? 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டு அருகே சங்கர் என்ற தலித் இளைஞரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றதை நாடே பார்த்தது. 2024 ஜூனில் திருநெல்வேலியில் ஜாதி மறுப்புத் திருமணம் நடத்திவைத்ததற்காக மார்க்சிஸ்ட் கட்சி அலுவலகத்தையே அடித்து நொறுக்கினார்கள். இப்படிப்பட்ட நாட்டில் கதவு சாத்திக்கொள்ளக்கூடிய ஓர் அறை என்பது சிலருக்கு உயிர்ப் பிரச்னை. ஒழுக்கத்தின் பேரால் அந்தக் கதவைத் திறந்து பார்க்கிறவன் யாருக்குச் சேவகம் செய்கிறான் என்று யோசித்துப் பாருங்கள். பெண்களை வைத்து வியாபாரம் செய்யும் கயவர்களைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது. பிடிக்கட்டும், நாமும் கூட நிற்போம். அதற்காகத் தங்க வந்தவரையெல்லாம் குற்றவாளி ஆக்குவதை ஏற்க முடியாது.

இப்போது நம் ஜனங்களின் பகலுக்கு வருவோம்.

முழுநேர ஊழியனின் வேலையில் பாதி, ஆட்களைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது. டெல்டாவின் உள் கிராமங்களிலிருந்து விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால் எட்டு மணிக்குச் சீட்டு. பத்து மணிக்கு டாக்டர் பார்ப்பார். ரத்தம் கொடு, படம் எடு. முடிவு நாலு மணிக்கு. பத்திலிருந்து நாலு வரை வயிற்று நோய்க்காரி எங்கே படுப்பாள்? ஒருமுறை அறுபது வயது அம்மா ஒருவருக்காக அருகிலிருந்த லாட்ஜில் கேட்டேன். குளித்துப் புடவை மாற்றி இரண்டு மணி நேரம் படுத்தால் போதும் என்றேன். அரை நாள் கணக்கெல்லாம் இல்லை, முழு வாடகை என்றார் கல்லாவில் இருந்தவர். “விடு தம்பி, அந்தக் காசுக்கு மாத்திரை வாங்கலாம்” என்று அந்த அம்மாள் வேப்பமரத்தடியில் முந்தானையை விரித்துவிட்டார். அவரோடு அந்த நிழலில் படுத்திருந்தவர்களை எண்ணினேன், இருபதுக்கு மேல்.

கோயில் ஊர்களில் குளித்து உடை மாற்ற இரண்டு மணி நேரத்துக்கு அறை விடுவது எப்போதோ வந்துவிட்டது. பக்தனுக்குக் கிடைக்கிற சௌகரியம் நோயாளிக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

ரயில்வேயில் ஓய்வறைகள் உண்டு, நல்ல ஏற்பாடு. ஆனால் அதை இணைய வழியில் பதிவு செய்யப் பி.என்.ஆர். எண் வேண்டும், அதாவது உறுதியான முன்பதிவு டிக்கெட்டோ, ஆர்.ஏ.சி. டிக்கெட்டோ கையில் இருக்க வேண்டும். முன்பதிவில்லாப் பெட்டியில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு வந்தவருக்குப் பி.என்.ஆர். ஏது? உட்கார்ந்து வந்தவனுக்குப் படுக்க அறை. நின்று வந்தவனுக்குப் பிளாட்பாரம். பம்பாய் சென்ட்ரல் நிலையத்தில் 2021 நவம்பரில் பெட்டி பெட்டியாகப் படுக்கை அடுக்கிய நவீன விடுதி ஒன்றைத் திறந்தார்கள். அன்றைய கட்டணம் 12 மணி நேரத்துக்கு 999 ரூபாய். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் நாள் கூலி 273 ரூபாய். மூன்றரை நாள் மண் வெட்டினாலும் அந்தப் பெட்டிக்குள் அரை நாள் படுக்கக் காசு போதாது.

வரியையும் பாருங்கள். ஆயிரம் ரூபாய்க்கும் குறைந்த வாடகை அறைக்கு ஜி.எஸ்.டி. இல்லாமல் இருந்தது. 2022 ஜூலை 18 முதல் அதற்கும் 12 சதவீதம் போட்டார்கள். எண்ணூறு ரூபாய் அறைக்கு 96 ரூபாய் வரி! மூன்று ஆண்டுக்கு மேல் அப்படி வசூலித்துவிட்டு, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைத்தார்கள். அதுவும் எப்படி? 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கெல்லாம் ஒரே விகிதம். ஏழாயிரம் ரூபாய் அறையில் தங்கும் கனவானும் எண்ணூறு ரூபாய் அறையில் தங்கும் நோயாளியும் சமமாம்! ரயில்வே ஓய்வறைக்கு மட்டும் 2024 ஜூலை முதல் வரி விலக்கு உண்டு. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

சிலர் பழைய சத்திரங்களை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார்கள். தஞ்சை மராட்டிய மன்னர்கள் ஒரத்தநாட்டில் கட்டிய முக்தாம்பாள் சத்திரம் போன்றவை வழிப்போக்கருக்குச் சோறும் நிழலும் கொடுத்தது வாஸ்தவம். ஆனால் அங்கே ஜாதிக்கொரு பந்தி. அந்தச் சத்திரத்துக்கு நெல் விளைவித்த பண்ணையாளுக்குத் திண்ணைகூடக் கிடையாது. நாம் கேட்பது பழைய தர்மத்தை அல்ல.

ஓய்வு என்பதைத் தொழிலாளி வர்க்கம் தர்மமாக வாங்கவில்லை. 150 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஓய்வறையும் சாப்பாட்டறையும் இருக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 47-வது பிரிவில் எழுதவைத்தது, சங்கங்களின் நீண்ட போராட்டம். 2021-ல் தமிழ்நாட்டில் ஜவுளிக் கடைப் பெண்களுக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்று சட்டம் வந்தது. அதுவரை பத்து மணி நேரம் நின்றே துணி விரித்தார்கள். ஆலைக்குள் ஓய்வறை, கடைக்குள் நாற்காலி. ஊருக்குள் வந்த உழைப்பாளிக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

செய்ய முடியாத காரியமா? 2015-ல் பஸ் நிலையங்களில் தாய்ப்பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். பல ஊர்களில் பூட்டிக் கிடக்கின்றன என்பது வேறு விஷயம். அறை கட்டச் சர்க்காரால் முடியும் என்பது நிரூபணமாயிற்று. ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வாசலிலும், மாவட்டத் தலைநகர் பஸ் நிலையத்திலும், ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனிப் பகல் ஓய்விடம் வேண்டும். கட்டில், குளியலறை, கக்கூஸ், சாமான் வைக்கப் பூட்டுள்ள பெட்டி. மணிக்குப் பத்து ரூபாய் வைத்தாலும் நம் ஜனங்கள் கொடுப்பார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு உள்ளவருக்கு இலவசம். போன் இல்லாதவர், ஆதார் அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர் என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. அதைக் கூட்டித் துடைப்பவர்கள் காண்டிராக்டில் அல்லாமல் நகராட்சி ஊழியர்களாக, நிரந்தரச் சம்பளத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாமே இன்னொரு இபிஸ் ஓட்டலைக் கட்டியவர்கள் ஆவோம். ரயில்வே ஓய்வறையில் சாதாரண டிக்கெட்காரருக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். ஆயிரம் ரூபாய்க்குக் கீழுள்ள அறைக்கு வரியே கூடாது.

நகராட்சிகளின் வரவு–செலவுத் திட்டம் மார்ச் மாதத்துக்குள் தயாராகிவிடும். பஸ் நிலையக் கடைகளை ஏலம் விடும் தீர்மானமும் பல ஊர்களில் அதே கூட்டத்தில்தான் வருகிறது. விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளும் மில் சங்கங்களும் அதற்கு முன்பே கையெழுத்து வாங்கி மனுவைக் கொடுத்துவிட வேண்டும். ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் மேஜை போட்டால் ஒரே பகலில் ஆயிரம் கையெழுத்து விழும்.